சம்பந்திக்கு ஆங்கிலத்தில் ‘வாங்க’

அக்காள் மகளுக்கு ஸ்காட்லாந்தில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது என்ற செய்தி வந்த அன்று, பிறர் எதிர்பார்க்கக்கூடிய பெரிய கேள்விகள் எவையும் எங்கள் வீட்டில் எழவில்லை. எழுவதற்குள் அத்தான் அவற்றை ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டார். “பையன் தங்கமா இருக்கான், புள்ளைக்குப் புடிச்சிருக்கு, அப்புறம் என்னலா?” அவர் லோரி ஓட்டிக் காலம் கழித்தவர், திருப்பங்களில் நெடுநேரம் நின்று யோசிப்பது அவர் வழக்கமன்று. அக்காள்தான் மேசைத் துணியை நீவிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அவங்க அம்மா நம்ம வீட்டுக்கு வர்றப்ப, வாசல்ல நின்னு இங்கிலீஷ்ல என்ன சொல்லி ‘வாங்க’ன்னு கேக்கணும்?”

“இவ்வளவுதானே அக்கா” என்றேன்.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்தையும் தமிழைப் போலவே இலக்கண நூல்களின் வாயிலாக, மரியாதையோடும் சிறிது அச்சத்தோடும் கற்றவன். எந்த ஆங்கில முகமனை எந்தப் பொழுதில், எவரிடம் கூற வேண்டும் என்று எழுதிக் காட்டச் சொன்னால் பிழையின்றி எழுதிவிடுவேன். ஆனால் அக்காள் கேட்டது முகமன் அன்று, ‘வாங்க’. அது வீட்டுக்கு வருகிறவர் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துத் தனித்தனியே சொல்லியாக வேண்டிய சொல். பத்துப் பேர் சேர்ந்து வந்தால் பத்து முறை. ஒருவரை விட்டுவிட்டால், பிறகு அவர் இலையில் எதைப் பரிமாறினாலும் அந்தக் குறை நிரம்பாது. ‘ஒரு வார்த்தை வான்னு கேக்கல’ என்று சொல்லிப் பிரிந்த குடும்பங்களை எல்லாரும் அறிவோம். எங்களிடமும் அப்படி ஒரு பிரிவு உண்டு. அதை உண்டாக்கியது தேங்காய்.

அக்காளின் திருமணம், பத்து காஜாவுக்கு அருகே நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் முன் பந்தலிட்டு நடந்தது. இன்று அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த சுவடும் இல்லை. பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெரியப்பா மகனை நாங்கள் பெரியண்ணன் என்போம். கல்யாணச் சமையலுக்கு வேண்டிய தேங்காய் முழுவதையும் தம் பொறுப்பில் லோரியில் ஏற்றிக்கொண்டு அவர் வந்தார். தேங்காய் சமையற்கொட்டகைக்குப் போக வேண்டியது. கொட்டகை லயத்தின் பின்புறம் இருந்தது. ஆகவே அண்ணனும் பின்புறமாகவே வந்தார். அப்பா முன்பந்தலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் ‘வாங்க, வாங்க’ என்று அழைத்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த சமையல்காரர் அண்ணனைக் கண்டதும், “தேங்கா வந்திருச்சா?” என்று கேட்டார். அவ்வளவே. அண்ணன் மூட்டைகளை இறக்கினார். தாலி கட்டுவதைத் தொலைவில் நின்று பார்த்தார். கை நனைக்காமல் ஊர் திரும்பிவிட்டார். “தேங்காயத்தான் எதிர்பார்த்தாங்க, என்னைய எதிர்பார்க்கல” என்று பிறகு சொல்லியனுப்பினார். அன்று முதல் எங்கள் வீட்டுத் துக்கங்களுக்குத் தவறாமல் வந்திருக்கிறார்; துக்க வீட்டில் எவரையும் எவரும் ‘வாங்க’ என்று அழைப்பதில்லை அல்லவா. நல்ல காரியம் எதற்கும் அவர் வந்ததில்லை.

தன் கல்யாணத்தில் நேர்ந்தது என்பதால் அக்காளுக்கு அது ஆறவே இல்லை. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

“நாளைக்கு எம்மவ அந்தம்மா வாசல்ல போய் நிப்பா. அங்க நம்ம சனம்னு ஒருத்தர் இல்ல. இந்த வாசல்ல நான் ஒழுங்கா கேட்டாத்தான், அந்த வாசல்ல அவங்க அவளை ஒழுங்கா கேப்பாங்க.”

இதைக் கேட்ட பிறகு, என் ‘இவ்வளவுதானே’யை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த கையோடு தொடங்கினோம். ஈப்போவில் அக்காளின் வரிசை வீடு என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான். மாலையில் தேநீர் வேளைக்குச் சென்றுவிடுவேன். நாளுக்கொரு சொல்லைக் கொண்டு செல்வேன். அக்காள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பாள். காய்கறிப் பாசாரில் கத்தரிக்காய் பொறுக்குகிற அதே கவனம்.

முதலில் எடுத்துச் சென்றவை காலைக்கும் மாலைக்கும் உரிய வணக்கங்கள். அவற்றில் குறை காண யாராலும் முடியாது என்று எண்ணியிருந்தேன்.

“குட் மார்னிங், குட் ஈவினிங் எல்லாம் வேணாம் தம்பி. அது அப்பா தொரைக்குச் சொன்னது.”

அவள் சொன்னதும் அந்த விடியல் எனக்கும் கண்முன் வந்தது. வெளிச்சம் பரவுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்; பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துத் தரும் இடம் அது. தோட்டத்துத் துரை வண்டியை விட்டு இறங்கியதும், அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ‘குட் மார்னிங் தொர’ என்பார். துரை தலையசைப்பார், சில நாள்களில் அதுவும் இராது. அப்பா அறிந்த ஆங்கிலம் அவ்வளவே. அந்தத் துரைக்கும் ஸ்காட்லாந்துதான் ஊர் என்று தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி சொல்லக் கேட்டிருக்கிறோம்.

“தொரைக்கும் சம்பந்திக்கும் ஒரே வார்த்தையா? துண்டை அவுத்துட்டு நிக்கிற மாதிரியே இருக்கும் எனக்கு.”

நான் படித்த எந்த நூலும் இந்தக் குறிப்பைத் தந்ததில்லை. இரண்டையும் கைவிட்டேன்.

மறுநாள் ‘ஹவ் டூ யூ டூ’வை எடுத்துச் சென்றேன். முதல் சந்திப்புக்கென்றே அமைந்தது, மிகவும் கண்ணியமானது என்று விளக்கினேன். அத்தான் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது கேள்வியா மச்சான்?”

“வடிவத்தில் கேள்விதான்.”

“அதுக்கு அவங்க என்ன பதில் சொல்வாங்க?”

“அவர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள்.”

“அலாமா. அப்ப ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே நிப்பாங்க, யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, வடை ஆறிப்போயிரும்.”

‘ஹவ் ஆர் யூ’வும் நிலைக்கவில்லை. வந்தவர் கால் வைப்பதற்குள் உடம்பு எப்படி என்று விசாரிப்பது, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பின் செய்ய வேண்டியதை முன்னாலே செய்வது என்றாள் அக்காள். முறை என்று பார்த்தால் அவள் சொன்னதே சரி.

‘வெல்கம்’ என் கடைசி நம்பிக்கையாக இருந்தது. பொருளும் இடமும் அதற்குப் பொருந்தின. அக்காள் அதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

“அது கால்மிதியில எழுதியிருக்கும்லா. காலால மிதிக்கிற வார்த்தையச் சொல்லியா சம்பந்தியக் கூப்பிடுறது?”

அத்தான் எழுந்து போய் வாசலில் கிடந்த கால்மிதியைப் பார்த்துவிட்டு வந்தார். “ஆமா மச்சான். இருக்கு. பாதி தேஞ்சு போச்சு, ஆனா இருக்கு.”

இடையிடையே என் மருமகள், அக்காளின் மகள், ஸ்காட்லாந்திலிருந்து கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுவாள். அங்கே மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். எங்கள் ஆராய்ச்சியைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள்.

“ஹாய்னு சொல்லுங்கம்மா, போதும். அவங்க ரொம்ப சிம்பிள் லா.”

“ஹாயும் பாயும் உன் கூட்டாளிங்க கிட்ட வச்சுக்க. நீ அவங்கள எப்படிக் கூப்பிடுவ?”

“பேர் சொல்லித்தான்.”

“மாமியாரப் பேர் சொல்லியா?”

“அவங்கதாம்மா சொல்லச் சொன்னாங்க.”

அக்காள் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று தேநீர் இன்னொரு சுற்று வரவில்லை.

கடைசியில், தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு, ஒரு முழு வாக்கியத்தை நானே கட்டினேன். ‘பிளீஸ் கம் இன், வீ ஆர் வெரி ஹேப்பி தட் யூ ஹேவ் கம்.’ உள்ளே வாருங்கள், நீங்கள் வந்ததில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி. அக்காள் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். “இதுல ‘வாங்க’ இருக்கு” என்றாள். ஒப்புக்கொண்டாள் என்று அதற்குப் பொருள். துணி உலர்த்தும்போதும் மீன் கழுவும்போதும் அதைச் சொல்லிப் பழகினாள். வேலிக்கு அப்பால் குடியிருக்கும் சீன அம்மையார், எங்கள் பக்கத்தில் இருந்தே தமிழ் பேசப் பழகியவர், ஒருநாள் பொறுக்க மாட்டாமல் தலையை நீட்டினார்.

“அக்கா, ஏன் இவ்ளோ நீளம்? கம் இன், சிட் டவுன் சொன்னா முடிஞ்சிச்சி லா.”

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்குச் சம்பந்தி பக்கத்துத் தெருவுல இருக்காங்க.”

தைப்பூசம் கழிந்ததும் அழைப்பு வைக்கத் தொடங்கினோம். பெரியண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க அக்காளும் நானும் பாகான் டத்தோ போனோம். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். காப்பி கொடுத்தார். “பாப்போம்” என்றார். நாங்கள் காரில் ஏறும்போது மட்டும், “தேங்கா எவ்வளவு வேணும்?” என்று கேட்டார்.

“தேங்கா வேணாம்ணே. நீங்க வாங்க” என்றாள் அக்காள். அண்ணன் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக ஈப்போ வந்து விடுதியில் தங்கினர்; மருமகள் அதற்கு முன்பே வீடு வந்துவிட்டாள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அக்காள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஐந்து மணி என்றால் ஆறு மணி என்று கொள்வது எங்கள் வழக்கம். ஆகவே ஐந்தடிக்கும் வேளையில் புதுச் சேலை கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அக்காள் பாத்தேக் கைலியும் பழைய சட்டையுமாகப் பின்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் ஐஸ் வாங்கப் போயிருந்தார். நான் வடைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்பதை மருமகள் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். நரைத்த குட்டைமுடியும் நீலக் கவுனும் மடியில் ஒரு பிஸ்கட் பெட்டியுமாக ஓர் அம்மையாரும், வெயிலில் சிவந்த முகத்தோடு நெட்டையான ஒருவரும் சோபாவில் அமர்ந்திருந்தனர். சம்பந்தியர். கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் பெருமிதத்தோடு நின்றிருந்தார்.

“வந்துட்டாங்க லா. மாப்ள வுட்டுட்டுப் பொண்ண கூட்டிட்டு வர டெய்லர் கடைக்குப் போச்சி. கேட் நான்தான் தொறந்தேன். கம் இன், சிட் டவுன் சொன்னேன். பாத்தீங்களா, ஈசி.”

நான் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. நாள்கணக்கில் பயனின்றிக் கிடந்த கண்ணியமான தொடர் எனக்குக் கைகொடுத்தது. “ஹவ் டூ யூ டூ” என்றேன். அவர்கள் இருவரும் எழுந்து நின்று புன்னகையோடு ஏதோ சொன்னார்கள். அதற்குள் கையில் சல்லிக்கரண்டியோடு அக்காள் வந்துவிட்டாள். கூடத்தில் அவர்களைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவள் முகத்தை நான் அறிவேன். பந்தலின் பின்புறம் தேங்காய் மூட்டை இறங்கியபோது அவள் மணவறையில் இருந்தாள், பார்க்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக அதைப் பார்த்ததுபோலவே பேசிவந்திருக்கிறாள். இப்போது கண்ணெதிரே அதேபோல் நடந்துவிட்டது. சம்பந்தி வீட்டுக்குள் இருக்கிறார். வாசலில் எவரும் அழைக்கவில்லை.

“அதான் பக்கத்து வீட்டம்மா சொல்லிட்டாங்களே அக்கா” என்றேன் தாழ்ந்த குரலில்.

“என் வாசல்ல அவங்க சொல்றது சேர்த்தி இல்ல. நீ பேசாத.”

பிறகு அவள் சம்பந்தியம்மாளைப் பார்த்தாள். நான் கட்டிக்கொடுத்த வாக்கியத்தை அவள் உதடுகள் தேடுவது தெரிந்தது. அது கிடைக்கவில்லை. கரண்டியை உயர்த்தி வாசற்பக்கம் காட்டினாள்.

“பிளீஸ்” என்றாள். “கோ அவுட்.”

ஆங்கில மொழியில் சம்பந்தியிடம் கூறக்கூடாத தொடர்களை வரிசைப்படுத்தினால் அதுவே முதலில் நிற்கும். நான் முன்னே பாய்ந்து விளக்க முயன்றேன். என் ஆங்கிலம் நீண்ட சார்பு வாக்கியங்களால் ஆனது. ‘எங்கள் மரபின்படி, இல்லத்துக்கு எழுந்தருளுகின்றவர்கள், இல்லத்தாரால் தலைவாயிலிலேயே...’ என்று அது போய்க்கொண்டிருந்தது. வினைச்சொல்லை நான் அடைவதற்குள் அவர்கள் வாசலை அடைந்துவிட்டார்கள். அந்த அம்மையார் அக்காளின் முகத்தை ஒருமுறை கூர்ந்து பார்த்தார். பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டார். ஒன்றும் கேளாமல் நடந்தார். அவர் கணவர் படியில் அமர்ந்து, கழற்றி வைத்த காலணிகளை மறுபடியும் மாட்டி, நீண்ட நாடாக்களைப் பொறுமையாக முடிந்தார்.

அவர்கள் தெருவில் இறங்கியதும் அக்காள் கேட்டை இழுத்துச் சாத்தினாள்.

“ஐயோ அக்கா, ஏன் வெரட்டுறீங்க?” என்றார் சீன அம்மையார்.

அக்காள் அதைக் காதில் வாங்கவில்லை. “தம்பி, சேலை மாத்திட்டு வந்துறவா?”

“வேணாம் அக்கா” என்றேன். வேறு எந்தச் சொல்லையும் நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

கையைக் கழுவினாள். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். துலக்கி வைத்திருந்த பித்தளைச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். கேட்டைத் திறந்து, வாசலில் நேராக நின்று, அந்த அம்மையாரின் முகத்தைப் பார்த்தாள்.

“வாங்க, சம்பந்தியம்மா.”

பிறகு அவர் கணவர் பக்கம் திரும்பினாள். “வாங்க, சம்பந்தி.”

ஆங்கிலம் முற்றிலும் மறந்து போயிருந்தது. ஆனால் அவள் முகம் சற்று முன் இருந்த முகமன்று. சம்பந்தியம்மாள் அந்த முகத்தையும் செம்பையும் திறந்திருந்த கேட்டையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே வந்தார். வந்தவர் என்னிடம் மெல்ல, இன்னொரு முறையும் வெளியே போய் வர வேண்டுமா, இதை எத்தனை முறை செய்வது வழக்கம் என்று கேட்டார். ஒருமுறை போதும் என்றேன். அவர் கணவர் மறுபடியும் படியில் அமர்ந்து நாடாக்களை அவிழ்க்கத் தொடங்கினார்.

மருமகளும் மாப்பிள்ளையும் வந்தபோது நாங்கள் வடை தின்றுகொண்டிருந்தோம். நடந்ததைக் கேட்டு மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அம்மா, வெளிய போங்கன்னா சொன்னீங்க?”

“பிளீஸ் சொன்னேன்.”

ஐஸோடு திரும்பிய அத்தான் வாசற்படியில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். “வீடு தேடி வந்த சம்பந்திய வாசல விட்டு வெரட்டுனவ இந்தப் பேரா மாநிலத்துலயே எம்பொண்டாட்டி ஒருத்திதான் லா” என்றார். சொல்லிவிட்டு அவரே வெளியே இறங்கி, “என்னைய யாரும் கேக்கல” என்று நின்றார். அக்காள் வடையால் எறிவதுபோல் ஓங்கினாள்.

மருமகள் தன் மாமியாரிடம் ‘வாங்க’வின் பொருளையும் பெரியண்ணனின் தேங்காயையும் நெடுநேரம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். கேட்டு முடித்த அந்த அம்மையார் சிரித்துவிட்டுத் திருப்பிச் சொன்னது எங்கள் எல்லாரையும் நிமிரச் செய்தது. அவர்கள் ஊரிலும் புத்தாண்டு பிறக்கும் வேளையில் வீட்டிலுள்ள ஒருவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார்களாம். ஆண்டு பிறந்ததும் அவர் கையில் ஒரு கரித்துண்டோடு கதவைத் தட்ட, வீட்டார் திறந்து அழைத்துக்கொள்வார்களாம். ஆண்டின் முதல் காலடி முறையாக வர வேண்டும் என்பதற்காக. ‘அதனால்தான் போகச் சொன்னதும் போனேன். திரும்பக் கூப்பிடத்தான் அனுப்புகிறார் என்று அவர் முகத்தில் இருந்தது’ என்றார்.

“கேட்டியா தம்பி” என்றாள் அக்காள். “அங்கயும் வாசல் இருக்கு.”

கல்யாணம் காலையில் கோவிலில் நடந்தது. மாலை விருந்து நகரத்து மண்டபமொன்றில். முன்வாயிலில் சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் வைத்து அக்காள் நின்றாள். சம்பந்தியம்மாளும் தாமே விரும்பி அவளுக்குப் பக்கத்தில் நின்றார். சேலை அவருக்குப் புதிது. மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து “வாங்க” என்றார். குழந்தைகளையும் விடவில்லை. எங்கள் சனம் திகைத்து, சிரித்து, “வந்துட்டோம், வந்துட்டோம்” என்றபடி நுழைந்தது. பெரியண்ணன் வரவில்லை. அக்காள் வாசலைத் தாண்டித் தெருவைப் பார்ப்பதை நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

பந்தி தொடங்கும் நேரத்தில் சம்பந்தியம்மாள் கை கழுவ உள்ளே போனார். சமையற்கட்டுப் பக்கத்துக் கதவையொட்டிய கடைசி மேசையில், வெள்ளை வேட்டி சட்டையோடு ஒரு முதியவர் தனியே அமர்ந்திருந்தார். அம்மையாரின் நடை நின்றது. மண்டபத்தில் எல்லார் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. அவர் நெற்றியில் இல்லை.

நான் மேடையருகே இருந்தேன். அங்கிருந்தே அது யார் என்று தெரிந்தது. தோப்புத் தேங்காயை வண்டியில் ஏற்றிவந்து பின்வாசலில் இறக்கிவிட்டு, அந்த வழியாகவே நுழைந்து பெரியண்ணன் உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தியம்மாள் அவர் முன் போய் நின்று, கையால் முன்வாயிலைக் காட்டிச் சொன்ன சொற்கள் எனக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

“பிளீஸ். கோ அவுட்.”

அண்ணனின் முகம் கறுத்தது. எழுந்தார். நான் நாற்காலிகளுக்கிடையே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மையார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விருந்தினர் அனைவரும் பார்க்க, மண்டபத்தின் நடுவழியே அழைத்துச் சென்றார். முன்வாயிலுக்கு வெளியே படியில் கொண்டுபோய் அவரை நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் உள்ளே வந்து, அக்காளுக்குப் பக்கத்தில் தம் இடத்தில் நின்று, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

“வாங்க” என்றார்.

அக்காள் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்த கை அப்படியே இருக்க, அண்ணனைப் பார்த்தாள்.

“வாங்கண்ணே” என்றாள்.

அண்ணன் படியிலேயே நின்றார். “இந்த வெள்ளக்காரம்மா வெளிய போகச் சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“ஆமாண்ணே. எங்க வீட்டுல இப்ப அப்படித்தான். என் சம்பந்திய நானே மொதல்ல வெளிய அனுப்பிட்டுத்தான் உள்ள கூப்பிட்டேன்.”

“உனக்குப் பைத்தியமா?”

“அத உள்ள வந்து கேளுங்க.”

அவர் நெற்றியில் சந்தனம் இட்டது சம்பந்தியம்மாள்தான். பழக்கமில்லாத கை, புருவம் வரை இழுத்துவிட்டது. அண்ணன் துடைக்கவில்லை. “தேங்கா பின்னால எறக்கியிருக்கேன்” என்றார். “இருக்கட்டும்ணே” என்றாள் அக்காள். எத்தனை மூட்டை என்று கூட அவள் கேட்கவில்லை. அன்றிரவு பாயசம் இரண்டாம் முறை வந்தபோதும் அண்ணன் வேண்டாம் என்று சொல்லாததை நான் எதிரே இருந்து பார்த்தேன்.

சம்பந்தியர் முதலில் ஊர் திரும்பினர். மணமக்கள் இங்கே சில நாள் தங்கிவிட்டுப் பிறகு புறப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த செய்திக்காக அக்காள் கைப்பேசியை அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள். நான் தேநீருக்கு வந்திருந்த நேரத்தில் அது மணியடித்தது. திரையில் மருமகளின் தலைமுடி ஈரமாக இருந்தது.

“அம்மா, ஒரு கூத்து கேளுங்க. கதவு சும்மா சாத்தியிருந்துச்சி. நாங்க பாட்டுக்கு உள்ள வந்து தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கோம். இவரோட அம்மா மாடியில இருந்து எறங்கி வந்து பாத்தாங்க. பாத்துட்டு, கோ அவுட் பிளீஸ்னுட்டாங்க.”

“யாரை?”

“ரெண்டு பேரையும்தான். பெட்டியெல்லாம் தூக்கிட்டு வெளிய வந்தோம். கதவச் சாத்திட்டாங்க. நல்ல மழை. அப்புறம் தொறந்து, மொதல்ல என்னையப் பாத்து ‘வாங்க’ன்னாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க மகன. அவர் சொந்த வீட்டுலயே இப்படி ஆயிருச்சேன்னு சிரிச்சிக்கிட்டு நின்னாரு.”

அக்காள் அடுப்பைத் தணித்தாள். கரண்டியைச் சட்டியில் தட்டி வைத்தாள்.

“மழையில தலையில துணி போட்டியா?”

“இல்லம்மா.”

“மொதல்ல போய்த் தலையத் தொவட்டு. அவங்கள நான் கேட்டேன்னு சொல்லு.”

பேச்சு முடிந்ததும் கைப்பேசியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். தேநீரை எங்கள் முன் வைத்தாள். தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேநீர் வேளையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மேசைத் துணியை நீவினாள்.

“தம்பி, அடுத்த வருசம் நான் அங்க போறப்ப, அந்தம்மா வாசல்ல நின்னு ‘வாங்க’ன்னு சொல்வாங்க இல்ல. அதுக்கு நான் இங்கிலீஷ்ல என்ன பதில் சொல்லணும்?”

அத்தான் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். “மச்சான், நீ வீட்டுக்கு ஓடிரு. இது அடுத்த தைப்பூசம் வரைக்கும் போகும்.”

நான் நாற்காலியை மேசைக்கு இன்னும் சற்று நெருக்கமாக இழுத்துக்கொண்டேன்.